தூண்டிவிட்டது யார்?

தோட்டத்துக்குப் போகும் பெண் ஒருத்தி கூலி பாக்கியைக் கேட்டுவிட்டால் போதும். "இது அவளாப் பேசுற பேச்சில்ல, எவனோ தூண்டிவிட்டிருக்கான்" என்கிறார்கள் தேனி மாவட்டத்துக் கம்பத்திலும் போடியிலும். மனு எழுதிக் கொடுத்தவர் மாதர் சங்கத்துக்காரரோ வக்கீலோ, அவர் ஊரைக் 'கிளப்பிவிடுறவர்' ஆகிவிடுகிறார். இதைவிடக் கேடான பொய் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை.

விடியுமுன் கம்பம் மெட்டு ஏறும் ஜீப்புகளைப் பாருங்கள். மடியில் தூக்குவாளியோடு, கால் நீட்ட இடமில்லாமல் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் போகும் கேரளத்து இடுக்கி ஏலத் தோட்டங்களில் காய், செடியின் அடியிலிருந்து கிளம்பும் சரத்தில்தான் பிடிக்கும். குனிந்தும் குத்தவைத்தும்தான் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்கடி வேறு. அந்த முதுகு வலியை அவர்களுக்கு வெளியாள் வந்தா எடுத்துச் சொல்ல வேண்டும்?

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை இந்தப் பேச்சுக்காரர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். கண்ணன் தேவன் தேயிலை நிறுவனம் போனஸை 10 சதவீதமாகக் குறைத்தபோது, 20 சதவீதம் வேண்டுமென்று தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். கட்சித் தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டேயே அண்டவிடவில்லை. ஒன்பது நாளில் கேட்ட 20 சதவீதம் கிடைத்தது, கருணைத் தொகையையும் சேர்த்து. அடுத்த மாதமே 232 ரூபாய் தினக்கூலி 301 ஆனது. கேட்டது 500, அது கிடைக்கவில்லை. அப்போதும் "பின்னால் யாரோ இருக்கிறார்கள்" என்ற புரளி ஓயவில்லை.

கோபத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சட்டத்தை எடுத்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும். வீடு தேனி மாவட்டத்தில், தோட்டம் கேரளத்தில். எந்த ஆபீசில் மனு கொடுப்பது என்பதே பலருக்குத் தெரியாது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு நிறுவனத்தின் உள் குழுவில், அது இல்லாவிட்டால் மாவட்ட உள்ளூர்க் குழுவில், மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். 'தூண்டிவிடுறவங்க சகவாசம் வேண்டாம்' என்று ஊர் மிரட்டி உட்காரவைக்கும் பெண்ணுக்கு அந்தக் கெடு தாண்டிப்போகிறது. தவறு செய்தவன் தப்பிக்கிறான். அந்தப் பழிச்சொல்லால் லாபம் அவனுக்குத்தான்.

இப்படி மனு எழுதுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர்களைத் தூற்றுவதை நிறுத்துங்கள். உங்கள் தெருவில் ஜீப் ஏறும் பெண்களுக்கு ஒரு எண்ணை எழுதிக் கொடுங்கள்: 15100. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் அது. வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு.