கடை மூடவில்லை, வரி மட்டும் வருகிறது

மணலி, திருவொற்றியூர் பக்கம் போனால் லேத் பட்டறை, லாரி உதிரிபாகக் கடை என்று வரிசையாக இருக்கும். போர்டில் 'அன் கோ' என்று போட்டிருப்பார்கள். உள்ளே போனால் இரண்டே பேர். அண்ணன் தம்பி, இல்லாவிட்டால் மாமன் மச்சான். எங்க சடையங்குப்பத்திலும் இப்படித் தொழில் செய்கிறவர்கள் உண்டு. அதில் ஒருவர் இறந்துபோனால் என்ன ஆகும்? பி.காம். படிக்கிறேன் என்பதால் இதை என்னிடம் கேட்கிறார்கள். பதில் சொல்லச் சொல்ல எனக்கே கோபம் வருகிறது.

1932 கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டு என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போனால் கூட்டு கலைந்தது. மிஞ்சியவர் செய்வது தனியாள் வணிகம். 'வாரிசு பார்ட்னராகச் சேர்வார்' என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும் இரண்டு பேர் கூட்டில் அது செல்லாது என்று கோவிந்தராம் சர்க்கரை ஆலை வழக்கில் 1965-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, இப்போது ஒரு கணக்கு போடுவோம். கடையில் 20 லட்சத்துக்கு வாங்கிய சரக்கு இருக்கிறது. அன்றைய சந்தை விலை 26 லட்சம். மிஞ்சியவர் கைக்கு அது போகும்போது, கூட்டு நிறுவனம் அதை 26 லட்சத்துக்கு விற்றதாகவே வருமான வரிச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2021 நிதிச் சட்டம் கொண்டுவந்த 9பி பிரிவு இது. லாபம் 6 லட்சம். 30 சதவீத வரி, 4 சதவீத செஸ் சேர்த்து 1,87,200 ரூபாய். ஒரு போல்ட் கூட விற்கவில்லை! பழைய நஷ்டம் இருந்தால், வாரிசுரிமையில் வந்தவர் தவிர வேறு யாரும் அதை எடுத்துப்போக முடியாது.

"பின்னால் விற்கும்போது லாபம் குறையுமே, முன்கூட்டியே கட்டுகிறார், அவ்வளவுதானே?" என்று கேட்கலாம். அவ்வளவுதான் இல்லை. அதே 6 லட்சம் தனியாள் வருமானமாக வந்திருந்தால், 2025-26-இல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை.

கலைப்பதாகச் சொல்லிச் சொத்தை வரியில்லாமல் மாற்றியவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1987-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் சாவு என்ன வரி ஏய்ப்பா?

பார்ட்னர் இறந்தும் வியாபாரம் தடையில்லாமல் தொடர்ந்தால் சரக்கைச் சந்தை விலைக்கு மதிப்பிட வேண்டாம் என்று சக்தி டிரேடிங் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னால் வந்த விதிகள் அந்த நியாயத்தை ஓரங்கட்டின. ஜிஎஸ்டியில்கூட, புது எண் வாங்க வேண்டுமே தவிர, உள்ளீட்டு வரி வரவை ஐடிசி-02 படிவத்தில் மாற்றிக்கொள்ளலாம். பார்ட்னர்ஷிப் கம்பெனியாக மாறினால், நிபந்தனைகளோடு 1998 திருத்தத்திலிருந்தே மூலதன ஆதாய வரி விலக்கு. பெரிதாக வளர்கிறவனுக்குச் சலுகை, துணையை இழந்தவனுக்கு பில்!

2026 ஏப்ரல் முதல் புது வருமான வரிச் சட்டம் வந்தது. பிரிவு எண் மாறியது, இந்த விதி மாறவில்லை. இறப்பால் தனியாள் வணிகமாகும் கடைக்கு, சரக்கை நிஜமாக விற்கும் நாள்வரை வரி கேட்காதே என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அதுவரை, நண்பர்களே, வீட்டில் இரண்டு பேர் கூட்டு இருந்தால் மூன்றாவதாக ஒருவரை இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். 'ஒருவர் இறந்தாலும் கூட்டு தொடரும்' என்று பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று அப்பா திட்டுவார். பரவாயில்லை, திட்டு வாங்குங்கள்.