கார்ட்டுக்குள்ள கிடந்தால் பத்திரமா?

"கார்ட்டுக்குள்ளதானே கிடக்கு, பிறகு ஆறுதலாப் பாப்பம்." கலியாணவீட்டுப் பந்தல் கழற்றும் நேரத்திலும், சாமத்தியவீட்டு அல்பத்துக்கு ஆள் அனுப்பும் நேரத்திலும் வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை காதில் விழும் வசனம் இது. சில வேளை இதைச் சொல்பவர் படப்பிடிப்பாளர், சில வேளை வீட்டுக்காரர். படம் மெமரி கார்ட்டில் ஏறிவிட்டால் கறையான் அரிக்காது, பூஞ்சணம் பிடிக்காது, மழைக்கு ஊறாது, வேண்டிய நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்பதில் இரு பகுதிக்கும் சந்தேகம் இல்லை.

இந்த நம்பிக்கை பிழையானது. அதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால்தான் அது இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது.

2004 டிசெம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையைத் துடைத்துப்போன ஆழிப்பேரலை, தாய்லாந்தின் காவோ லாக் கடற்கரையில் ஒரு கனடாத் தம்பதியையும் கொண்டுபோனது. அவர்களின் கமரா பிறகு கரையில் உடைந்து கிடந்தது. நிவாரணப் பணிக்குப் போன ஒருவர் அதன் கார்ட்டைக் கழற்றிக் கணினியில் போட்டபோது படங்கள் திறந்தன. தூரத்தில் வெண்கோடாகத் தெரிந்த அலை படத்துக்குப் படம் பெருத்து வருவதை அந்தத் தம்பதியே எடுத்திருந்தார்கள். கமரா அழிந்தது, கார்ட் பிழைத்தது. உலகச் செய்திகளில் வந்த சம்பவம் இது.

இதை வைத்து "கார்ட் சாகாது" என்று முடிவுகட்டுபவர்கள் தப்பான எதிரியைப் பார்க்கிறார்கள். கார்ட்டுக்குள் சுழலும் தட்டு இல்லை. அதனால் விழுந்தாலும் பெரும்பாலும் தப்பும். அது காந்தப் பதிவும் அல்ல. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் அழிந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. நன்றாகக் காயவிட்டால் தண்ணீரையும் பெரும்பாலும் தாங்கும். அதன் எதிரிகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கார்ட்டுக்கு உள்ளேயே இருக்கின்றன.

1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பூஜியோ மசுவோக்கா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் இன்றைய கார்ட்களின் அடிப்படை. நுண்ணிய கலங்களில் மின்னேற்றத்தை அடைத்துவைத்து, அதன் அளவைக் கொண்டு தகவலைப் படிப்பது அதன் முறை. ஆரம்பகாலக் கார்ட்களில் ஒரு கலத்துக்கு ஒரு பிட். மின்னேற்றம் உண்டா, இல்லையா என்று பார்த்தால் போதும். அவ்வகைக் கலம் ஏறத்தாழ 1,00,000 முறை அழித்து எழுதுவதைத் தாங்கியது. இப்போது மலிவாகக் கிடைக்கும் கார்ட்களில் ஒரு கலத்துக்குள் மூன்று பிட். எட்டு வெவ்வேறு மின்னளவுகளைப் பிரித்தறிய வேண்டும். தாங்கும் முறைகள் சில ஆயிரத்துக்குள் சுருங்கிவிட்டன. கொள்ளளவு கூடி, விலை குறைந்ததற்குக் கொடுத்த விலை இது.

அடைத்த மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசியும். கலம் தேயத் தேயக் கசிவு கூடும். சூடு ஏற ஏற இன்னும் கூடும். இதே ஃபிளாஷ் சில்லுகளைக் கொண்ட, எஸ்எஸ்டி எனும் கணினிச் சேமிப்பகங்களுக்கு ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு வைத்திருக்கும் அளவுகோலைப் பார்க்கலாம். பாவித்துத் தன் ஆயுளை முடித்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி, மின் இல்லாமல் 30 பாகை செல்சியஸில் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பதே அங்கே கேட்கப்படுவது. புதுக் கார்ட் இதைவிடப் பல மடங்கு காலம் தாங்கும் என்பது உண்மை. ஆனால் வருடக்கணக்காகக் கலியாணவீடு கலியாணவீடாக எழுதித் தேய்ந்த கார்ட்டை, சித்திரை வெயிலில் ஏ9 வீதியோரம் நிறுத்திய வாகனத்தின் டாஷ்போர்டில் போட்டுவைப்பவர் எந்த அளவுகோலை நம்புகிறார்?

"நல்ல கொம்பனிக் கார்ட்தானே" என்பது அடுத்த வாதம். 2010இல் ஆண்ட்ரூ ஹுவாங் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், தன் தயாரிப்புக்கு வந்த பெயர்போன கொம்பனியின் மைக்ரோ எஸ்டி கார்ட்கள் சில கோளாறு காட்டியதால், சீனாவின் ஷென்சென் சந்தை வரை போய் மாதிரிகள் வாங்கி உடைத்துப் பார்த்தார். மேலே ஒரே பெயர். உள்ளே வெவ்வேறு இடத்துச் சில்லுகள். பிறகு அவர் எழுதிய விளக்கம் இன்னும் முக்கியமானது. குறையில்லாத ஃபிளாஷ் சில்லு என்று ஒன்று கிடையாது. பழுதான பகுதிகளை ஒதுக்கி, பிழைகளைத் திருத்தி, எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலக் காட்டுவது கார்ட்டுக்குள் இருக்கும் குட்டிக் கட்டுப்பாட்டுச் சில்லு. அது படுத்துவிட்டால் முன்னறிவிப்பு எதுவும் வராது. நேற்று வரை வேலை செய்த கார்ட்டை இன்று கணினி கண்டுகொள்ளவே மாட்டாது.

போலிக் கார்ட்டின் கதை இதைவிடக் கொடியது. உறையில் 64 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், கணினியும் 64 என்றே காட்டும், உள்ளே இருப்பது 8 ஜிபி. 24 மெகாபிக்சல் கமராவில் ரோ முறையில் எடுத்தால் ஒரு படம் ஏறக்குறைய 25 மெகாபைட். எனவே 320 படத்தோடு உண்மையான இடம் முடிந்துவிடும். கமராவுக்கு அது தெரியாது. எடுத்தவுடன் திரையில் தோன்றும் படம் கமராவின் தற்காலிக நினைவகத்திலிருந்து வருவது என்பதால் படப்பிடிப்பாளருக்கும் தெரியாது. மாப்பிள்ளை அழைப்பு, மணவறை அலங்காரம், வாசலில் பன்னீர் தெளிக்கும் பிள்ளைகள் எல்லாம் அந்த 320க்குள் வந்திருக்கும். கூறை கொடுத்ததும் தாலி கட்டியதும் அதற்கு அப்பால். வீட்டுக்கு வந்து பார்த்தால் கோப்புப் பெயர் இருக்கும், அளவும் சரியாகக் காட்டும். திறந்தால் மேலே ஒரு கீற்றுப் படமும் கீழே சாம்பல் நிறமும். சில போலிகள் புதிய படத்தைப் பழையதன் மேலேயே எழுதிவிடும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் கார்ட்டை முழுக்க நிரப்பி, மீளப் படித்து இந்தக் களவைப் பிடித்துவிடும். வாங்கிய அன்றே செய்ய வேண்டிய இந்தச் சோதனையை எத்தனை பேர் செய்கிறார்கள்?

கைப்பிழைகளும் குறைந்தவை அல்ல. சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்போதே கார்ட்டை இழுப்பது, பற்றரி சாகும் நேரத்தில் வீடியோவை ஓடவிடுவது, ஒரு கமராவில் போட்மற் செய்த கார்ட்டை இன்னொன்றில் அப்படியே செருகுவது, இடம் போதவில்லை என்று மண்டபத்தில் நின்றபடியே ஒவ்வொன்றாக அழிப்பது எல்லாம் நாளாந்தம் நடப்பவை.

அழிந்தால்தான் என்ன, மீட்கலாமே என்பார்கள். ஓரளவுக்கு முடியும். அழிக்கும்போது கோப்பின் பெயர்தான் பட்டியலிலிருந்து நீங்குகிறது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை படம் அங்கேயே கிடக்கும். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்தோப் கிரெனியே எழுதிய போட்டோரெக் என்ற இலவச மென்பொருள், படக்கோப்புகளின் தொடக்க அடையாளத்தைத் தேடி அவற்றைத் தோண்டி எடுக்கும். ஆனால் அழிந்தது தெரிந்த பிறகும் அதே கார்ட்டில் படம் எடுத்தால் தோண்ட ஒன்றும் மிஞ்சாது. கட்டுப்பாட்டுச் சில்லு செத்த மைக்ரோ எஸ்டியிடம் எந்த மென்பொருளும் செல்லாது. மேற்பூச்சைச் சுரண்டி, மயிரிழைபோன்ற கம்பிகளை ஒட்டிப் படிக்கும் ஆய்வுகூடம் வேண்டும்.

உலகத்துத் தொழில்முறைப் படப்பிடிப்பாளர்கள் கார்ட்டை எவ்வளவு நம்புகிறார்கள் என்பதற்கு 2018 நல்ல சாட்சி. அந்த ஆண்டு நிக்கொன் இசட்6, இசட்7 கமராக்களும் கனொன் இஓஎஸ் ஆர் கமராவும் ஒரேயொரு கார்ட் பொந்துடன் வந்தபோது கலியாணப் படம் எடுப்பவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். 2020இல் வந்த இசட்6 II, இசட்7 II, கனொன் ஆர்5, ஆர்6 எல்லாவற்றிலும் இரண்டு பொந்துகள். அப்படிப்பட்ட கமராவை வாங்கியும், முதலாவது நிரம்பினால் இரண்டாவது என்ற அமைப்பில் விட்டுவைப்பவர்கள் உண்டு. அதில் கொள்ளளவு கூடுமே தவிர கொப்பி கிடைக்காது.

உழவு மெஷின் பெட்டியில் வயலிலிருந்து நெல் ஏற்றி வருவார்கள். அடுத்த போகம்வரை நெல்லை அந்தப் பெட்டியிலேயே விட்டுவைக்கும் கமக்காரர் வன்னியில் யாருமில்லை. கார்ட்டும் ஏற்றி வருவதற்குத்தான்.

ஒரே இடத்தில் மட்டும் வைத்திருக்கக் கூடாது என்பதை வன்னிக்கு வெளியிலிருந்து வந்து ஒருவர் படிப்பிக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில், 2008, 2009இல் கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்புக்கும் அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கும் இடம்பெயர்ந்த சனம் அல்பங்களைப் பங்கருக்குள்ளும் பாதையோரத்திலும் விட்டுவிட்டுத்தான் மெனிக் பாம் முகாமுக்குப் போனது. பிறகு படம் திரும்பக் கிடைத்தவர்கள் யார்? ரொறன்ரோவிலோ பாரிஸிலோ லண்டனிலோ இருந்த சொந்தங்களுக்கு முன்பே ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பிவைத்தவர்கள். காகிதம் கார்ட்டைவிடப் பலவீனமானது. அது தப்பியது இன்னோர் இடத்திலும் ஒன்று இருந்ததால். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் ஏந்தி நிற்கும் படங்களைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது ஒன்று, கலியாணவீட்டுக் குழுப்படத்தில் ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுத்தது இன்னொன்று. ஒரு பிள்ளையின் முகத்துக்கு எஞ்சியது அந்த ஒன்றுதான் என்ற வீடுகள் அங்கே உண்டு. இந்த மண்ணில் நின்றுகொண்டு "கார்ட்டுக்குள்ள கிடக்கு" என்று ஆறுதல் சொல்வது அறியாமை மட்டுமல்ல, பொறுப்பின்மையும்தான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் கொப்பி என்று கணக்கிடக் கூடாது. படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் போகும். டொகுமென்ற் ஆக அனுப்பினால்தான் மூலக்கோப்பு முழுதாகச் சேரும். கார்ட்டும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தால் அதுவும் இரண்டு இடமாகாது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது தட்டுத் தட்டாகப் பிரித்துப் பார்த்துப் புகவில்லை.

காசு வாங்கிப் படம் எடுப்பவர் அன்றிரவே இரண்டு இடத்தில் இறக்கி, இரண்டிலும் திறந்து பார்த்து, அதன் பிறகுதான் கார்ட்டைக் கமராவுக்குள் வைத்துப் போட்மற் செய்ய வேண்டும். மூலக்கோப்புகளை எத்தனை மாதம் வைத்திருப்பார் என்று பற்றுச்சீட்டில் எழுதிக்கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் அல்பத்தின் மட்டையையும் பக்கத்தையும் பற்றிப் பேரம் பேசும் அதே மேசையில் இதையும் கேட்கலாம்: கோப்புகள் இப்போது எங்கெங்கே இருக்கின்றன, எங்களுக்கு எப்போது ஒரு கொப்பி தருவீர்கள்? பதிலாக மேசையில் ஒரு கார்ட்டை மட்டும் எடுத்துக் காட்டுகிற ஸ்ரூடியோவுக்கு முற்பணம் கட்ட வேண்டியதில்லை.