பல்லை ஆட்டுவது மெஷினா, காரையா?



"பல்லு க்ளீன் பண்ணினா பல்லு ஆடிப்போயிடும்." எங்க ஆயா இப்படிச் சொல்லியே அம்மாவை டாக்டர்கிட்ட போகவிடலை. அம்மாவுக்குப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம். நான் கேட்கிறேன்: ஆயா ஒரு தடவைகூட க்ளீன் பண்ணலையே, அப்புறம் ஏன் ஆறு பல்தான் மிச்சம்?

பல்லில் ஒட்டும் பசை போன்ற அழுக்கில் பாக்டீரியா கூட்டமாக வாழ்கிறது. 1683-லேயே லூவன்ஹாக் தன் பல் அழுக்கை லென்ஸில் பார்த்து, உயிருள்ளவை நெளிவதைக் கண்டு எழுதினார். இந்த அழுக்கு எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தால் இறுகினால் காரை. அது பிரஷ்ஷால் போகாது. ஈறு வீங்கும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். அதனால்தான் பல் ஆடுகிறது.

அல்ட்ராசோனிக் மெஷினின் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேலும் அதிரும். அந்த அதிர்வில் காரை உடையும். கூடவே பீய்ச்சும் தண்ணீர் அழுக்கைக் கழுவிவிடும். காரை போனதும் பல்லுக்கு நடுவில் சந்து தெரியும், கொஞ்ச நாள் கூசும். அதைப் பார்த்துத்தான் பயப்படுறாங்க.

ஆனால் மெஷின் எல்லாக் கிருமியையும் கொல்லாது; அதன் வீட்டைத்தான் இடிக்கும். நாம ஒழுங்கா துலக்கலைன்னா சில மணி நேரத்திலேயே திரும்பக் குடிவர ஆரம்பிக்கும். அதனால் ராத்திரியும் துலக்கணும்.

இந்தச் சனிக்கிழமை அம்மாவைக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏற்றிப் பல் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். ஆயாவும் வரட்டும், அந்த ஆறு பல்லாவது தங்கட்டும்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
சங்கராபுரம்.