பக்கத்து மேசையில் படுத்தவர்கள்

பிறவி இதயக் கோளாறு ஆராய்ச்சிக்குத் துணைநின்றவர்களில் நான் முதலில் கைகூப்புவது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பெற்றோர்களை நோக்கி. 1954 மார்ச் 26 அன்று மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர் வால்டன் லில்லஹை ஒரு குழந்தையின் இதயத்தைத் திறந்து, கீழறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையைத் தைத்து மூடினார். அந்த நிமிடங்களில் குழந்தையின் இதயமாகவும் நுரையீரலாகவும் இயங்கியது, பக்கத்து மேசையில் மயக்க மருந்தில் கிடந்த தகப்பனின் உடல். இடையில் சில குழாய்களும் ஒரு பம்பும்தான். தையல் நின்றது. ஆனால் பதினோராம் நாள் நிமோனியா குழந்தையைக் கொண்டுபோய்விட்டது.

அதன் பிறகும் அடுத்தடுத்துப் பெற்றோர் வந்து படுத்தார்கள் என்பதுதான் என்னை உலுக்குகிறது. ஒரு சிறுவனுக்கு அரிய ரத்த வகை. வீட்டில் யாருக்கும் பொருந்தவில்லை. உறவே இல்லாத ஒரு சாலைப் பணியாளர் வந்து படுத்தார்! இன்னோர் அறுவையில், ரத்த ஓட்டத்தைக் கடன் கொடுத்த தாய்க்கு மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. இந்த முறையில் மொத்தம் 45 நோயாளிகள். 28 பேர் பிழைத்து வீடு திரும்பினர்.

லில்லஹையின் பெயர் மருத்துவ வரலாற்றில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். பக்கத்து மேசையில் படுத்தவர்களையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும்.