பச்சை எரிந்தால் போதுமா?

செயலிக்குள் தேடல் வசதி வைக்க எலாஸ்டிக்சர்ச்சா, சோலரா என்று மாதக்கணக்கில் விவாதிக்கிறார்கள். இரண்டுக்கும் அடித்தளம் டக் கட்டிங் 1999-இல் எழுதிய லூசீன்தான். வேகத்தைவிட உரிமத்தைப் பாருங்கள்: 2021-இல் எலாஸ்டிக்சர்ச்சின் உரிமம் மாறியதும் அமேசான் ஓப்பன்சர்ச் என்று தனிக்கிளை தொடங்கியது, எந்தப் பக்கம் போவது என்று திண்டாடியவர்கள் பயனர்கள். நிறுவிய பிறகோ, கண்காணிப்புத் திரையில் பச்சை எரிந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள். தரவுத் துண்டுகளும் அவற்றின் நகல்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன என்பதற்கு மேல் அந்தப் பச்சை எதையும் சொல்லாது. பட்டியலில் ‘சேலை’ இருக்க, ‘புடவை’ என்று தேடியவருக்கு வெறும் திரை வந்தாலும் அது பச்சையாகவே எரியும். விடை கிடைக்காத தேடல்களை வாரந்தோறும் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒத்த சொற்களைச் சேர்க்க வேண்டும். அதற்கு ஆள் ஒதுக்காத நிறுவனம் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதான்.