துப்பாக்கி செஞ்சவனுக்குப் பேர் கிடையாதா?

வாய்வழியா மருந்து கெட்டிச்சுச் சுடுற பழைய துப்பாக்கி ஒண்ணை ஒரு மியூசியத்துல பார்த்தேன். சீட்டுல 'நாட்டுத் துப்பாக்கி', அவ்வளவுதான். பக்கத்துல இருந்த சீமைத் துப்பாக்கிக்கு மட்டும் கம்பெனி பேர், ஊர் எல்லாம் இருக்கு. கேட்டா, "நம்மாளுங்க பேர் பொறிக்க மாட்டாங்க சார்"ங்கறாங்க.

சுத்தப் பேத்தல்! திப்புவோட துப்பாக்கிகள்ல செஞ்சவர் பேர், ஊர், வருஷம் எல்லாம் பொறிச்சிருக்கு. அவ்வளவு தூரம் எதுக்கு? செங்கல்பட்டுலேர்ந்து மாமல்லபுரம் போற வழியில பூஞ்சேரி. அங்க நொண்டி வீரப்பன் தோட்டத்துப் பாறையில கேவாத பெருந்தச்சன், குணமல்லன்னு பல்லவர் காலத்துக் கலைஞர்கள் பேர் வெட்டியிருக்கு. அதுல ஒருத்தர் கொல்லன் ஸேமகன். ஆமாங்க, கொல்லர்! 1,200 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் படிக்கலாம்.

துப்பாக்கியில பேர் சில சமயம் வெளியே தெரியாது. கட்டையிலேர்ந்து குழலைக் கழட்டி அடிப்பக்கம் பார்க்கணும். விசைத் தகட்டை உள்பக்கம் திருப்பிப் பார்க்கணும். குழல் ஒரு ஊர், விசை வேற ஊர்னுகூட இருக்கலாம், அதனால ரெண்டையும் தனித்தனியா பார்க்கணும். பார்க்காமலே 'பேர் இல்லை'ன்னா அது ஆராய்ச்சியா, சோம்பேறித்தனமா?

நிஜமாவே இல்லையா? 'தேடினோம், கிடைக்கலை'ன்னு சீட்டுல எழுதுங்க. நாலு வரி கோட் அடிக்கிற நானே மேல பேரைப் போட்டுக்கறேன். இரும்பை அடிச்சவனுக்கு ஒரு வரி கூடவா இல்லை?