மலைமேல் எழுதிய பெயர்கள்

மேலூர் பஸ் ஒத்தக்கடையை நெருங்கும்போது சன்னலோரம் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு யாராவது ஒருவர் காட்டுவார்: "அந்தா பாரு, யானை படுத்திருக்கு." எனக்கும் அப்படித்தான் யானைமலையைக் காட்டினார்கள். பிறகு நானும் நாலைந்து குழந்தைகளுக்குக் காட்டியிருக்கிறேன். காட்டியதோடு சரி. மதுரைக்கு வடகிழக்கே மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற அந்தப் பாறையில், கி.பி. 770-இல் பாண்டியரின் அமைச்சர் மாறன்காரி நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவித்த கோயில் இருக்கிறது. மலையின் இன்னொரு பக்கத்தில் தீர்த்தங்கரர்கள் பாறையோடு பாறையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்பது வயது வரை நான் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் தெருவிலும் யாரும் போனதில்லை.

பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிப் பிழைப்பவன் நான். மதுரையைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டால் ஜிகர்தண்டா, மல்லிகைப்பூ, ராத்திரி இட்லிக்கடை, சித்திரைத் திருவிழா என்று எப்போதும் கைவசம் இருக்கும். எல்லாம் நல்ல விஷயங்கள்தாம், எனக்குப் பிடித்தவையும்கூட. ஆனால் அவற்றைத் திரும்பத் திரும்ப எழுதியதற்குக் காரணம் பிரியம் மட்டுமில்லை. விளக்குத்தூணைச் சுற்றி ஒரு நடை போய்வந்தால் கட்டுரை முடிந்துவிடும். வெயிலில் மலையேற வேண்டாம், தெரியாத எழுத்தைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்க வேண்டாம். சமணர்கள் எண்பெருங்குன்றம் என்று போற்றிய எட்டு மலைகள் இந்த ஊரைச் சுற்றி இருக்கின்றன. நகரத்தை மட்டுமே எழுதிக்கொண்டிருந்ததில், அதைச் சுற்றி நின்ற கல்லெல்லாம் வெறும் பின்னணிப் படமாகிவிட்டது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதக்கூடாது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரி விடுமுறை நாளில் நாலு பேர் சைக்கிளில் கொங்கர்புளியங்குளம் போனோம். பஞ்சபாண்டவர் படுக்கை என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். குகைக்குள் வரிசையாகப் படுக்கைகள், ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் கல்லிலேயே செதுக்கிய தலையணை. மேலே மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க வெட்டிய காடி, அதையொட்டிச் சில கீறல்கள். அவை எழுத்துகள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நண்பன் கொண்டுவந்திருந்த பாதி டப்பா நீல பெயின்ட்டில் நாலு பேரும் பெயர் எழுதினோம். என் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுதினேன். ஏற்கெனவே அங்கே சுண்ணாம்பிலும் செங்கல் துண்டிலும் நிறையப் பெயர்கள் இருந்தன. எல்லாரும் எழுதியிருக்கிறார்கள் என்பதே எங்களுக்குப் போதுமான அனுமதியாகத் தோன்றியது.

அந்தக் கீறல்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்துகள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. கிடாரிப்பட்டி பக்கம் அழகர்மலைக் குகையில் இருக்கிற கல்வெட்டுகளைப் பற்றி வாசித்தபோதுதான் உண்மையிலேயே கூசிப்போனேன். அங்கேயும் பெயர்கள்தாம். உப்பு வணிகன் ஒருவன், ஏருக்குக் கொழு விற்கிறவன், அறுவை என்கிற துணி விற்கிறவன், மத்திரைப் பொன்கொல்லன் ஒருவன். மத்திரை என்றால் நம் மதுரைதான். அரசர்கள் இல்லை, கடைவீதி மனிதர்கள். இன்றைக்குக் கீழமாசி வீதியிலும் நகைக்கடை பஜாரிலும் நாம் பார்க்கிறவர்களைப் போன்றவர்கள். ஊர் ஊராக நடந்து திரிந்த சமணத் துறவிகள் மழைக்காலத்தில் தங்குவதற்கு அவர்கள் தங்கள் சம்பாத்தியத்தில் கொடை தந்தார்கள், பிறகு பெயரைப் பொறித்தார்கள். நாங்களும் பெயர் எழுதினோம். என்ன கொடுத்துவிட்டு எழுதினோம் என்று இத்தனை வருஷம் கழித்து என்னையே கேட்கும்போது பதில் இல்லை.

பெயின்ட் அடித்தவர்கள் நாங்கள் நாலு பேர்தான். வீட்டுக்குள் மலையைக் கொண்டுவந்து போட்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும். எங்கள் அடுப்படியில் முன்பு கடப்பா கல் மேடை இருந்தது. வீட்டை எடுத்துக் கட்டியபோது கிரானைட் போட்டோம். துடைத்தால் போதும், கறை பிடிக்காது, பார்க்கவும் அழகு. கடையில் கல்லின் நிறத்தைப் பார்த்தோம், கனத்தைப் பார்த்தோம், சதுர அடி என்ன விலை என்று பேரம் பேசினோம். எந்த மலை என்று மட்டும் கேட்கவில்லை. மதுரைச் சீமையில் வெட்டுகிற வெள்ளைக் கல்லுக்குச் சந்தையில் 'காஷ்மீர் ஒயிட்' என்று பெயர். கீழவளவில் சமணர் படுக்கை இருக்கிற குன்றுக்கு அருகிலேயே கல் எடுத்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. மதுரை ஆட்சியராக இருந்தபோது உ.சகாயம் அனுப்பிய அறிக்கை 2012-இல் வெளிவந்து, குவாரிகளைப் பற்றித் தினமும் செய்தி வந்த நாட்களில் டீக்கடையில் நின்று நாமெல்லாம் கோபப்பட்டோம். யார் யாரோ மலையை விழுங்கிவிட்டதாகப் பேசினோம். அந்த மலையில் ஒரு துண்டின்மேல்தான் தினமும் காய் நறுக்குகிறோம் என்பது பேச்சில் வரவே இல்லை.

மலைகளைக் காப்பாற்றியவர்கள் மலையடிவாரத்து ஊர்க்காரர்கள். அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு குன்றுகள், கண்மாய்கள், சுனைகள், பாண்டியர் காலக் குடைவரை, தமிழிக் கல்வெட்டு, மேலே வட்டமிடுகிற வல்லூறுகள். அந்த ஊர் மக்கள் கல்குவாரியை எதிர்த்து நின்றதால்தான் மலை மிஞ்சியது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு வருஷத்தில் அதே பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று செய்தி வந்தபோது, மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டு 2025 சனவரியில் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. நகரத்துக்காரர்களான நாம் அன்று போக்குவரத்து நெரிசலைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். நானும் தல்லாகுளம் பக்கம் போக வேண்டிய வேலையை மறுநாளைக்குத் தள்ளிவைத்தேன். போய் அவர்களோடு நின்றிருக்கலாம்.

போய்ப் பார்க்க வழியில்லாமலும் இல்லை. எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை 2010-இலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில் இந்த மலைகளுக்கு ஜனங்களை அழைத்துப்போகிறது. சொ.சாந்தலிங்கம் போன்ற தொல்லியல் அறிஞர்கள் பாறைக்குப் பக்கத்தில் நின்றே விளக்கிச் சொல்வார்கள். அழைப்பு வரும். அடுத்த முறை போகலாம் என்று பல வருஷம் தூங்கினேன். கடைசியில் ஒருநாள் கீழக்குயில்குடிக்குப் போய், செட்டிப்புடவில் அந்தப் பெரிய தீர்த்தங்கரருக்கு முன்னால் நின்றபோது, நான் எழுதாமல் விட்டது எவ்வளவு என்று விளங்கியது.

கொங்கர்புளியங்குளத்துக்கும் திரும்பப் போனேன். நீலம் வெளிறியிருந்தது, ஆனால் போகவில்லை. தண்ணீரும் தேங்காய் நாரும் கையில் கொண்டுபோயிருந்தேன். கூட வந்தவர் தடுத்துவிட்டார். தேய்த்தால் பாறையின் மேல்தோலும் சேர்ந்து போகும், பக்கத்தில் எழுத்து இருந்தால் அதுவும் போகும், இதற்கென்று பயின்றவர்கள்தான் செய்ய வேண்டும் என்றார். கொண்டுபோன தண்ணீரைக் குடித்துவிட்டு, கிடந்த பாட்டில்களையும் பிளாஸ்டிக் தட்டுகளையும் சாக்கில் பொறுக்கிக்கொண்டு இறங்கினேன். கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, எந்த ஊர் என்று கேட்டார். மதுரை என்றேன். "இம்புட்டுப் பக்கத்துல இருந்துக்கிட்டு இப்பத்தேன் வர்றீகளா?" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

போன மாதம் எங்கள் தெருவிலிருந்து ஆறு பேர் அழகர்மலைக் குகைக்குப் போனோம். அதில் ஒருவர் எங்கள் வீட்டு அடுப்படிக்குக் கிரானைட் போட்டுத் தந்தவர். இரும்பு ஏணியில் ஏறி உள்ளே போனதும் மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு படுக்கையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "மிஷின் கிடையாது, ஒண்ணும் கிடையாது, உளியை வச்சே இந்த வழவழப்பா? தலகாணியப் பாருங்க சார், தலை வைக்கத் தோதா சரிச்சு விட்ருக்காரு." கொத்தியவரை அவர் தனக்குத் தெரிந்த ஆள் மாதிரி பேசினார். பிறகு மேலே அண்ணாந்து, "அது எழுத்துதானே, என்ன போட்ருக்கு? படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

கட்டுரையில் வாசித்திருந்ததைச் சொன்னேன். எந்தக் கோடு எந்த எழுத்து என்று விரலால் காட்டச் சொன்னபோது என்னால் காட்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் தமிழி எழுதிப் பழகுகிறேன். கூட்டல் குறி போட்டால் 'க'. கிண்ணத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டால் 'ம'. அடுத்த தடவை அவரோடு ஏறும்போது 'மத்திரை' என்கிற ஒரு வார்த்தையையாவது எழுத்தெழுத்தாகத் தொட்டுவிடாமல் காட்ட வேண்டும்.